விமானத்தின் வாலுக்குள் கிடந்த நேரம்

இந்தக் கனடாவில் ஒரு மனிதர் தன் வீட்டுக் கராஜுக்குள் விமானம் கட்டலாம். அயலவர்கள் எட்டிப் பார்த்து, எப்போது முடியும் என்று கேட்டுவிட்டுப் போவார்கள். யாரும் பொலிசுக்கு அறிவிப்பதில்லை. ஸ்காபரோவில் நான் வேலை செய்த தொழிற்சாலையின் ஃபோர்மன் கென், ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், "வீட்டில் ஒரு பிளேன் செய்கிறேன். சனிக்கிழமைகளில் உதவிக்கு வருவாயா?" என்று கேட்டார். பேரப்பிள்ளைக்கு ஏதோ விளையாட்டுச் சாமான் என்று விளங்கிக்கொண்டு தலையாட்டினேன். ஒஷாவாவில் அவருடைய கராஜ் கதவு உயர்ந்தபோது, இறக்கை பூட்டாத நிஜ விமானம் ஒன்று மரத் தாங்கிகளின் மேல் நின்றது.

இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம். ஏரியில் இறங்குவதற்காக அடியில் இரண்டு மிதவைகள். தரையிலும் இறங்குவதற்காக, மிதவைகளுக்குள் மடங்கும் சிறு சக்கரங்கள். அந்தச் சக்கரங்களை ஏற்றி இறக்குவது ஹைட்ரோலிக் எண்ணெய். எண்ணெய்க் குழாய் பூட்டுவதுதான் தொழிற்சாலையில் என் வேலை. கால்மிதியிலிருந்து வாலிலுள்ள சுக்கான்வரை உருக்குக் கேபிள் ஒன்றும் ஓட வேண்டும். கேபிளும் குழாயும் எங்கேயும் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டால் ஒவ்வொரு அசைவிலும் கேபிள் குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். கென் பெரிய உடம்புக்காரர், வாலுக்குள் நுழைய முடியாது. நான் மெலிந்தவன். மல்லாந்து படுத்து, டோர்ச்சை வாயில் கவ்வியபடி உள்ளே ஊர்ந்து போவேன்.

அது ஊரில் போர் முடிந்த வருடத்தின் வசந்தகாலம். அக்காவும் அத்தானும் அவர்களின் ஒரே மகளும் நந்திக்கடல் களப்புக்கும் பெருங்கடலுக்கும் நடுவே, ஒரு துண்டு மணலில் பங்கர் என்ற பதுங்குகுழிக்குள் இருந்தார்கள். ஒரு வியாழக்கிழமை, யாரிடமோ கெஞ்சி வாங்கிய சற்றலைற் போனில் அக்கா எடுத்தாள்.

"தம்பி, சனம் களப்பைக் கடந்து ஆமிப் பக்கம் போகுது. அத்தான் பொறுப்பம் எண்டுறார். போறதோ, இருக்கிறதோ? நீதான் சொல்லோணும்."

"ரண்டு நாள் பொறு அக்கா. விசாரிச்சுச் சொல்லுறன்."

"சனிக்கிழமை எடுக்கிறன். நீ சொன்னா அத்தான் கேப்பார்."

கனடாவில் இருப்பவனுக்கு எல்லாம் தெரியும் என்று அவர்கள் நம்பினார்கள். நான் விசாரித்தேன். கடக்கும்போதே சுடுகிறார்கள் என்றார் ஒருவர். இருந்தால் ஒருவரும் மிஞ்சமாட்டார்கள் என்றார் இன்னொருவர். சனிக்கிழமை காலை மனைவியும் மகளும் டவுன்ரவுணில், போரை நிறுத்தக் கேட்டு வீதியில் அமர்ந்திருந்த எங்கள் சனத்தோடு சேரப் புறப்பட்டார்கள்.

"நீங்கள் வரேல்லையோ?" என்றாள் மனைவி.

"அக்கா எடுப்பா. அந்தச் சத்தத்துக்குள்ள கேக்காது."

ரூஜ் பகுதியில் இருந்த எங்கள் வீடு அப்படி அமைதியாக ஒருநாளும் இருந்ததில்லை. மேசையில் இருந்த போனைப் பார்த்தபடி ஒரு மணித்தியாலம் இருந்தேன். பிறகு காரை எடுத்துக்கொண்டு ஒஷாவாவுக்குப் போனேன். கென்னின் கராஜில் யாரும் என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள். அந்த வசந்தத்தில் எனக்கு அப்படி இருந்த ஒரே இடம் அதுதான். போனை ஜக்கெற் பையில் வைத்து ஆணியில் கொழுவிவிட்டு வாலுக்குள் போனேன். மறந்துபோய் அங்கே விட்டேன் என்று நெடுநாளாக எனக்கே சொல்லிவந்தேன். மறக்கவில்லை.

கேபிளின் நுனி என் விரல்களுக்குள் இருந்தபோது போன் அடித்தது.

"உன்னுடைய போன்!" என்றார் கென்.

"ஒரு நிமிடம்," என்றேன். பிடியை விட்டால் கேபிள் பின்னால் வழுக்கிப் போய்விடும், வாலின் சட்டங்களில் உள்ள எல்லாத் துளைகளுக்குள்ளாலும் திரும்பக் கோக்க வேண்டும். அப்படித்தான் என்னை நான் சமாதானப்படுத்தினேன். அடித்து ஓய்ந்தது. மீண்டும் அடித்தது. தகரக் கூட்டுக்குள் கேபிளைப் பிடித்தபடியே கிடந்தேன். மீண்டும் ஓய்ந்தது. வெளியே வந்து அந்த நீண்ட இலக்கத்துக்கு எத்தனையோ தரம் எடுத்தேன். கிடைக்கவில்லை.

என் பதில் கிடைக்காமல் அவர்கள் அங்கேயே இருந்துவிட்டார்கள். அடுத்த கிழமை, பங்கர் வாசலில் தண்ணீர்ப் போத்தலோடு நின்ற அத்தான்மேல் ஷெல் விழுந்தது. அவரை அங்கேயே மண்ணில் மூடிவிட்டு, அக்கா மகளைத் தோளில் போட்டுக்கொண்டு களப்பைக் கடந்தாள். கடந்து வந்த சனத்தை ஆமி அடைத்துவைத்த முள்வேலி முகாமில் இருந்து வந்த ஒரு செய்தியில்தான் எனக்கு இதெல்லாம் தெரிந்தது.

போர் முடிந்ததாக ரீவியில் சொன்ன கிழமை, கென்னின் மனைவி ஒரு கேக் செய்து வைத்திருந்தார். "முடிந்துவிட்டதாமே, இனி உனக்கு நிம்மதி," என்று கென் என் தோளைத் தட்டினார். அவர்களுடைய முகங்களில் உண்மையான சந்தோசம் இருந்தது. எங்கிருந்து விளக்கத் தொடங்குவது என்று தெரியாமல் "தேங்க் யூ" என்றேன். ஒரு துண்டு முழுவதையும் சாப்பிட்டேன்.

முகாமை விட்டு வந்தபிறகு அக்கா எடுத்த முதல் தரமே கேட்டாள்: "அண்டைக்கு ரண்டு தரம் எடுத்தனான். நீ வேலையிலயோ?" ஓம் என்றேன். அந்தப் பொய்யோடு மூன்று வருடம் இருந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவள் மகளின் பள்ளிக்கூடத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது இடையில் சொன்னேன்.

"அக்கா, அண்டைக்கு நான் வேலையில நிக்கேல்ல. ஒரு வெள்ளைக்காரன்ர பிளேனுக்குக் கேபிள் பூட்டிக்கொண்டு நிண்டனான். போன் அடிச்சது கேட்டது. பயத்தில எடுக்கேல்ல."

"பிளேனுக்கோ?"

"ஓம்."

பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அத்தான் உன்னைக் கோவிக்கேல்ல தம்பி. லைன் கிடைக்கேல்லயாக்கும் எண்டுதான் கடைசிவரைக்கும் நினைச்சவர்."

அவள் திட்டியிருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

அடுத்த கோடையில் விமானம் பறந்தது. கென் என்னை வடக்கே ஓர் ஏரிக்குக் கூட்டிப் போனார். மறுக்க நினைத்தேன், அவருடைய முகத்தைப் பார்த்து ஏறினேன். மேலெழும்பியதும் சக்கர எண்ணெயின் அழுத்தத்தைப் பார்த்துத் தலையசைத்தார், சுக்கானை ஒரு தரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அசைத்தார். நான் பூட்டிய கேபிள் எங்கும் உரசாமல் ஓடியது. கீழே ஏரிக்கும் காட்டுக்கும் நடுவே ஒடுங்கிய மணல் கரை. அதில் ஒரு குடும்பம் துவாய் விரித்து இருந்தது. எங்கள் சத்தம் கேட்டு அவர்கள் எழுந்து நின்று, மேலே பார்த்து, இரண்டு கைகளையும் வீசினார்கள்.

"நீயும் கை காட்டு!" என்றார் கென்.

கையை உயர்த்தினேன். ஆனால் குண்டு போட வரும் விமானத்தின் சத்தம் கேட்டதுபோல, என் உடம்பு அந்த மணலில், அவர்களுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, குப்புறப் படுக்க ஒரு பள்ளம் தேடியது.