என் பெயரில் ஓர் இஸ்திரி வண்டி

2023 ஜூன் 14, புதன்கிழமை, காலை பத்து மணி நாற்பது நிமிடம். மேகமூட்டம், காற்று இல்லை. மழை வரும் என்று செய்தித்தாளில் போட்டிருந்தது, வரவில்லை. மயிலாப்பூரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து பதினேழு தப்படி தூரத்தில் நிற்கும் இஸ்திரி வண்டியின் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன்.

வண்டி என்னுடையதல்ல. இருபத்திரண்டு வருடங்களாக அங்கே துணி தேய்த்துக் கொடுக்கும் அம்மாளுடையது. அந்த வாரம் தெரு வியாபாரிகளைக் கணக்கெடுக்க மாநகராட்சியிலிருந்து ஆள் வருவதாகப் பேச்சு. கணக்கில் வந்தால் அடையாள அட்டை கிடைக்கும். அட்டை இருந்தால் வண்டியை நினைத்தபோது அப்புறப்படுத்த முடியாது. வங்கியில் ஈடில்லாமல் பத்தாயிரம் ரூபாய் கடனும் உண்டு. அதில் காஸ் இஸ்திரிப் பெட்டி வாங்குவதாக அம்மாள் முடிவே செய்துவிட்டார். ஆனால் ஆள் இல்லாத வண்டியைச் சேர்ப்பதில்லை. அடுத்த தெருக் கீரைக்காரம்மா டீ குடிக்கப் போன நேரத்தில் வந்து, அவரை விட்டுவிட்டார்கள்.

"ஐயிரே, மூணாவது மாடில துணி குடுத்துட்டு வந்துர்றேன். லிப்ட் வேற ரிப்பேரு. எவன் வந்தாலும் வுட்றாத, வண்டி நம்மளுதுன்னு சொல்லு" என்று மூட்டையோடு போனார்.

நான்காவது நிமிடம் கணக்கெடுப்பவர் கைபேசியுடன் வந்தார்.

"வண்டி உங்களுதா சார்?"

"நம்மளுதுதான். அந்தம்மா இருபது நிமிஷத்துல வந்துடுவா."

"இன்னும் நாப்பது வண்டி கீது சார். ஆள் இல்லன்னா இல்லன்னு போட்டுட்டு போய்க்கினே இருப்பேன். நீங்கதான் இருக்கீங்களே, ஆதார் நம்பர் சொல்லுங்க."

பன்னிரண்டு இலக்கங்களையும் பார்க்காமலே சொன்னேன். வண்டியைத்தான் பதிகிறார்கள், நான் சாட்சி என்று நினைத்தேன். என் கைபேசிக்கு வந்த ஓடிபியையும் படித்தேன். எத்தனை வருடமாக? இருபத்திரண்டு. ஒரு நாளைக்கு எத்தனை துணி? சராசரி எழுபத்தைந்து, மாடியிலிருந்து எண்ணியிருக்கிறேன். விடைகள் எல்லாம் சரி. ஆள்தான் தவறு. பெட்டியைக் கையில் பிடிக்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டார். ஆறு கிலோவுக்குக் குறையாது.

நாற்பத்து மூன்றாம் நாள் அட்டை தபாலில் வந்தது. அதில் என் பெயர், என் முகம், என் கையில் பெட்டி. தொழில்: துணி தேய்த்தல்.

மனைவி அட்டையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஒரு முறையும், கழற்றிவிட்டு ஒரு முறையும் பார்த்தாள். "பென்ஷனும் வாங்கிண்டு இஸ்திரியும் போடறேளா? ஆத்துல ஒரு கைக்குட்டை தேய்ச்சிருக்கேளா இதுவரைக்கும்?"

அம்மாளிடம் கொண்டுபோய்க் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார்.

"இன்னா ஐயிரே, எடம் உன் பேர்ல பூடுச்சா?"

விளக்கினேன். அவர் கரியை விசிறிக்கொண்டே இருந்தார். அன்று நான் தேய்க்கக் கொடுத்திருந்த நான்கு சட்டைகளும் மாலையில் தேய்க்காமலே திரும்பி வந்தன.

மறுநாள் மாநகராட்சி வட்டார அலுவலகத்துக்குப் போனேன். பெயர் மாற்ற வேண்டும் என்றேன். எழுத்தர் பொறுமையாகச் சொன்னார்: "அட்டைக்காரர் இறந்தாத்தான் சார் மாத்த முடியும். அதுவும் உங்க சம்சாரத்துக்கு."

"நான் இருக்கேனே."

"அதான் சார் சொல்றேன்."

வேறு வழியும் இருந்தது. நான் அட்டையை ஒப்படைத்துவிடலாம். அம்மாள் புதிதாக விண்ணப்பிக்கலாம். ஆனால் ஒப்படைத்த நிமிடத்திலிருந்து அந்த இடம் காலி. அதே இடத்தைக் கேட்டு ஏற்கெனவே இரண்டு மனுக்கள் இருந்தன. காலியாகும் நேரத்தில் கையிலிருக்கும் மனுக்களில்தான் பழைய ஆளுக்கு முன்னுரிமை. நான் பதினோரு மணிக்கு ஒப்படைத்து, அவர் மனு பன்னிரண்டுக்குப் பதிவானால், அந்த ஒரு மணி நேரத்தில் இருபத்திரண்டு வருடம் போய்விடும். இரவெல்லாம் இதையே கணக்குப் போட்டேன்.

மூன்றாம் நாள் அம்மாளை ஆட்டோவில் அழைத்துப் போனேன். முதலில் வர மறுத்தார். "நீ கையெழுத்துப் போடறத நானே பாக்கணும்" என்று பிறகு ஏறிக்கொண்டார். ஒரே மேஜையில், அவருடைய மனு மேலே, என் ஒப்படைப்புக் கடிதம் கீழே இருக்கும்படி வைத்தேன். எழுத்தர் வரிசையை மாற்றப் பார்த்தார். நான் கையை எடுக்கவில்லை.

ஒப்படைப்பதற்கான காரணம் என்ற கட்டம் காலியாக இருப்பதாகச் சொன்னார். 'எனக்கு இஸ்திரி போடத் தெரியாது' என்று எழுதினேன். படித்துவிட்டு, இரண்டு காகிதங்களிலும் முத்திரை குத்தினார். இரண்டுக்கும் இடையே எட்டு விநாடி.

அம்மாள் வெளியே வந்ததும், "அந்தக் கசங்குன சட்டையோட ஆபீஸுக்கு வந்துக்கினியே ஐயிரே, அசிங்கமா இல்ல? குடுத்தனுப்பு" என்றார்.

அவருடைய அட்டை இருபத்தாறாம் நாள் வந்தது. காஸ் பெட்டியும் வந்துவிட்டது. எனக்கு ஆன செலவு: ஒப்படைப்புக் கடிதத்துக்கு முத்திரைத்தாள் இருபது, நோட்டரி முந்நூறு, ஜெராக்ஸ் பதினான்கு, ஆட்டோ போக வர முந்நூற்று எண்பது. அந்தச் சட்டைக்கு அம்மாள் ஒரு பைசா குறைக்காமல் வாங்கிய பன்னிரண்டையும் சேர்த்தால் எழுநூற்று இருபத்தாறு ரூபாய்.