சாவி கேட்கப் போன பெண்கள்

போன வாரம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் யாரோ சாக்கடை அடைத்துக்கொண்ட படத்தைப் போட்டிருந்தார்கள். அரை மணி நேரத்தில் வரிசையாகக் கும்பிடுகள், சில அழுகை முகங்கள், நடுவில் ஒரு காலை வணக்க ரோஜா. நானும் என் பங்குக்கு ஒரு கும்பிடு போட்டேன். போட்ட பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஒரு காலத்தில் சாக்கடை, தெரு விளக்கு, குழாய்த் தண்ணீர் இவற்றைப் பற்றி நாள் முழுக்கப் பேச்சுக் கேட்ட காதுகள் இவை.

அந்தப் பேச்சுக்கு ஒரு வாசனை உண்டு. கார்பன் தாள் வாசனை. கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் நான் டீச்சர். வயது இருபத்திரண்டு. ரிஷிவந்தியம் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். பிள்ளைகளுக்குத் தட்டச்சு சொல்லித் தந்த நேரம் போக, ஊர் மனுக்களையெல்லாம் தட்டித் தருவதும் என் வேலைதான். எங்கள் தமிழ் மெஷினில் ‘ழ’ மட்டும் விழாது. இடம் விட்டுவிட்டுப் பிறகு பேனாவால் போடுவேன். தமிழ்நாட்டைக்கூட நான் பேனாவால்தான் முடித்துவைத்திருக்கிறேன்.

மனு கொடுக்க ஒருவர் வந்தால், அதைச் சரிபார்க்க வாசல் பெஞ்சில் ஐந்து பேர் இருப்பார்கள். பஸ்ஸுக்குக் காத்திருப்பவர், செருப்புத் தைக்கக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தவர், சும்மா வந்தவர். “பணிவுடன்னு ரெண்டு வாட்டி போடும்மா”, “வாணாம், ஒரு வாட்டி போதும், ஜாஸ்தி பணிஞ்சா மதிக்க மாட்டாங்க” என்று சண்டையே நடக்கும். ஒரு தெரு விளக்குக்காக வந்த மனு, இந்தச் சண்டையில் நாலு தெரு விளக்குகளுக்கான மனுவாக வளர்ந்து போனதும் உண்டு.

எதிர்ச் சாரியில் பூ விற்ற மஞ்சுளாக்கா ஒருநாள் மனு எழுத வந்தார். கடைத்தெருக் கோடியில் பெண்களுக்காகக் கழிப்பறை கட்டி, திறப்பு விழாவும் நடத்தி, மறுநாளே பூட்டிவிட்டார்கள். அந்தப் பூட்டைத் திறக்கச் சொல்லித்தான் மனு. ஏன் அவசரம் என்றால், முந்தைய சந்தை நாளில் சின்னப்பொண்ணு என்பவர் மயங்கி விழுந்திருந்தார். கல்வராயன் மலையிலிருந்து புளியும் தேனும் கொண்டுவரும் அம்மாள். காலை பஸ்ஸில் இறங்கினால் திரும்ப மலையேற சாயங்காலம்தான் பஸ். அதுவரை ஒதுங்க இடமில்லை என்று சொட்டுத் தண்ணீர் குடிக்காமலே வெயிலில் உட்கார்ந்திருந்திருக்கிறார். முகத்தில் தண்ணீர் தெளித்து எழுப்பியதும் அவர் சொன்னது இதுதான்: “தண்ணி வாணாம் தாயி. குடிச்சா எங்க போவேன்?”

நானும் அப்படித்தான் நாளைக் கழித்தேன். ஆனால் வெளியே சொன்னதில்லை. டீச்சர் அல்லவா!

இன்ஸ்டிடியூட் நடத்திய சார் கூச்ச சுபாவம். மனுவில் அந்தச் சொல்லே வேண்டாம், ‘பெண்கள் ஒதுங்குமிடம்’ என்று போடலாம் என்றார்.

“மழைக்கு ஒதுங்குற எடம்னு நெனச்சிக்கினு கூரை போட்டுக் குடுத்துடுவாங்க சார். ஒடைச்சே எழுதுங்க” என்றார் மஞ்சுளாக்கா.

கழிப்பறை என்ற சொல் அந்த மனுவில் ஒன்பது இடத்தில் வந்தது. ஒன்பது ‘ழ’வையும் நான்தான் போட்டேன்.

மனுவோடு நானும் மஞ்சுளாக்காவும் போனோம். அலுவலகமும் அதே தெருவில்தான், பெயர் வேண்டாமே. அதிகாரி படித்துப் பார்த்தார்.

“தொறந்து வுட்டா நாசம் பண்ணிடுவாங்கம்மா. சாவி எங்கிட்ட பத்திரமா இருக்குது. தேவைப்பட்டவங்க வந்து கேட்டா குடுக்க மாட்டேன்னா சொல்றேன்?”

வெளியே வந்ததும் எனக்கு அழுகை முட்டியது. மஞ்சுளாக்கா சிரித்துக்கொண்டிருந்தார். “இன்னா டீச்சர், அவுரே சொல்லிட்டாரு, தேவைப்பட்டவங்க வரலாம்னு. வந்துட்டாப் போச்சு.”

அடுத்த சந்தை நாள். பெஞ்சில் கூடிப் பேசி முடிவு செய்திருந்தபடி, காலையில் முதல் ஆளாக மஞ்சுளாக்கா போய்ச் சாவி வாங்கினார். போனார், பூட்டினார், திருப்பிக் கொடுத்தார், கும்பிட்டார். அவர் படி இறங்கும்போது கீரைக்கார அம்மாள் படியேறினார். பிறகு வளையல்கார அக்கா, மோர்க்கார அம்மாள், மலையிலிருந்து வந்த பெண்கள். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை. ஒருவர் குரலும் உயரவில்லை. “சாவி குடுங்கய்யா.” அவ்வளவுதான்.

ஏழாவதாக நான். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போய், பதற்றத்தில், “ஐயா, கழிப்பறைச் சாவி தேவைப்படுகிறது” என்று மனு நடையிலேயே சொல்லிவிட்டேன். அதிகாரி தலை நிமிர்ந்து, “நீயுமாம்மா?” என்றார்.

மதியம் அவர் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது எதிரில் சின்னப்பொண்ணு நின்றார். “நீங்க சாப்புடுங்க சாமி. நான் நின்னுக்கினு இருக்கேன்.” யாரால் சாப்பிட முடியும்? அவர் எழுந்து வந்து சாவியை அந்த அம்மாள் கையிலேயே வைத்து, “நீங்களே வச்சிக்கிங்க தாயி, என்னை வுட்டுடுங்க” என்றார்.

“நான் வச்சிக்கினா சாவியும் எங்கூட மலை ஏறிடுமே சாமி!”

சின்னப்பொண்ணு இதைக் குறும்பாகச் சொல்லவில்லை, உண்மையான கவலை. அதிகாரிக்கே சிரிப்பு வந்துவிட்டது. கெட்ட மனிதர் இல்லை அவர். அன்றே காவலுக்கு ஆள் போடச் சொன்னார், தண்ணீர்த் தொட்டிக்குக் குழாய் போடச் சொன்னார். தினமும் காலையில் திறந்து, பஸ் எல்லாம் கிளம்பிய பிறகு பூட்டுவது மஞ்சுளாக்காவின் பொறுப்பு ஆயிற்று. அன்று சாயங்காலம் தேவை இருந்தவர், இல்லாதவர் எல்லோரும் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். பிறகு பெஞ்சுக்கு மோர் வந்தது. சின்னப்பொண்ணு இரண்டு சொம்பு மோரை நிதானமாக, ஒரு சொட்டு விடாமல் குடித்தார். நாங்கள் கை தட்டினோம்.

கள்ளக்குறிச்சி இப்போது மாவட்டத் தலைநகரம் ஆகிவிட்டது. சாலையை அகலப்படுத்தியபோது அந்தச் சாரி முழுக்கப் போயிற்று. இன்ஸ்டிடியூட், பெஞ்சு, கோடியில் இருந்த அந்தக் கட்டடம் எதுவும் இல்லை. மனுவை இப்போது கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து சொல் திருத்த ஆள் கிடையாது.

மஞ்சுளாக்கா திருப்பூரில் மகன் வீட்டில் இருக்கிறார். மாதம் ஒருமுறை போன் செய்வார். குழாயில் தண்ணீர் வருகிறதா, மழை பெய்தால் கடைத்தெருவில் இன்னும் நிற்கிறதா என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார். போன முறை கேட்டார்: “ஏன் டீச்சர், இப்பல்லாம் அங்க யாரு போய்க் கேக்குறாங்க?”

சிக்னல் சரியில்லை என்று சொல்லிவிட்டேன்.