சரிவில் நழுவிய கியர்

எல்லாரும் அவரை 'நிதானம்' என்றுதான் கூப்பிட்டார்கள். மலைமேல் இருக்கும் பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் இருபது வருஷமாக ஜீப்பில் ஆட்களை ஏற்றி இறக்கியவர். வண்டியில் ஒரு கீறல் விழுந்தது கிடையாது. மற்றவர்கள் அதைத் திறமை என்றார்கள். அது பயம் என்று அவருக்கும் அவர் மனைவிக்கும் மட்டும்தான் தெரியும்.

ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், செங்குத்துச் சரிவின் பாதியில், கியருக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன லீவர் தானாகத் துள்ளி வெளியே வந்தது. நான்கு சக்கரத்தையும் இழுத்துப் பிடித்து மெதுவாக இறக்குவது அந்த லீவர்தான். அது கழன்றதும் எஞ்சினின் முனகல் அடங்கி, வண்டி தன் போக்கில் உருள ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்து மிதித்து எப்படியோ கீழே கொண்டுவந்து சேர்த்தார்.

"என்ன நிதானம் அண்ணே, இன்னைக்குத்தான் வண்டி வண்டி மாதிரி ஓடுது" என்று பின்னாலிருந்து மருந்தகத்து நர்ஸம்மா சிரித்தார். இவருக்குச் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் பட்டறைக்காரர் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கையைக்கூடத் துடைக்கவில்லை. "லீவரை ஒரு கையால அமுக்கிப் பிடிச்சுக்கோங்க. பாதிப் பேரு அப்படித்தான் ஓட்டுறாங்க."

"அப்புறம் ஸ்டியரிங்?"

"இன்னொரு கை எதுக்கு இருக்கு? இல்ல, பிரிச்சுத்தான் பாக்கணும்னா ரெண்டு வாரம் வண்டிய விட்டுட்டுப் போங்க."

திங்கட்கிழமை காலையில் ஆறு பேர் காத்திருப்பார்கள். வேறு வண்டியும் கிடையாது. தானே பிரித்துப் பார்ப்பது என்று உதிரிபாகங்களை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் வேலை தொடங்கியது. எஞ்சினின் விசையை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் அந்த இரும்புப் பெட்டி, டிரான்ஸ்ஃபர் கேஸ், வண்டியின் வயிற்றில் தொங்கியது. அதைக் கழற்ற, முதலில் பின்சக்கரத்துக்குப் போகும் நீளத் தண்டைக் கழற்ற வேண்டும். ஹேண்ட்பிரேக்கை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். முதல் கியரிலும் போட்டார். மனைவியை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, "நான் சொல்லும்போது லீவரை அசைச்சுக் காட்டு, போதும்" என்று சொல்லிவிட்டு அடியில் நுழைந்தார்.

பெட்டியை நினைத்தே பயந்துகொண்டிருந்ததால் சக்கரம் அவர் நினைவுக்கே வரவில்லை. அந்த ஜீப்பில் ஹேண்ட்பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. பெட்டியின் வால்பக்கத்தில் இருந்துகொண்டு அந்தத் தண்டைத்தான் பிடிக்கிறது. தண்டு போனால் பிரேக்கும் போச்சு, கியரும் போச்சு. கடைசி போல்ட் கையோடு வந்தபோதுதான் அது அவருக்கு உறைத்தது.

வாசல் தெருவைப் பார்த்துச் சரிந்திருந்தது. வண்டி சத்தமே இல்லாமல் ஒரு சாண் நகர்ந்தது. பின்சக்கரம் அவர் தொடையைத் தொட்டது.

"நடுவுல" என்றார். "நடுவுல இருக்கறத மிதி."

அவளுக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஒரு பெடல் சும்மா உள்ளே போனது. அடுத்ததை இரண்டு காலாலும் மிதித்தாள். வண்டி நின்றது.

"ஏங்க."

"எடுக்காத."

"எடுக்கல. நீங்க வாங்க."

வெளியே வர நேரமானது. காலை இழுத்தால் வண்டி அசையுமோ என்று விரல் விரலாக நகர்ந்தார். சக்கரங்களுக்கு முன்னால் கல்லை வைத்துவிட்டு வந்து போதும் என்று சொன்ன பிறகும் அவள் காலை எடுக்கவில்லை. முழங்காலை அவர்தான் பிடித்துத் தூக்கிவிட்டார். இரண்டு பேரும் படியில் உட்கார்ந்திருந்தார்கள்.

"விட்டுடலாமா?" என்றாள்.

"விட்டா திங்கட்கிழமை கையால பிடிச்சுக்கிட்டுத்தான் இறங்கணும்."

அவள் எழுந்து போய்ச் சாப்பாட்டு மேசைமேல் பழைய போர்வையை விரித்தாள்.

பெட்டியைப் பிரித்ததும் குற்றம் தெரிந்தது. கியரைத் தள்ளும் கவட்டை வடிவத் துண்டு ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்தது. கியரின் பற்கள் சப்பிப்போட்ட மிட்டாய் மாதிரி மழுங்கியிருந்தன. ஒவ்வொன்றாக மாற்றினார். பேரிங்கில் நிற்கும் ஊசி மாதிரியான சின்ன உருளைகளைக் கிரீஸில் ஒட்டி வரிசையாக நிறுத்துவதற்குள், மூன்று முறை சரிந்தன. நான்காம் முறை அவள் ஒட்டினாள். ஞாயிறு மாலை பெட்டியை மார்பில் தாங்கி மேலேற்றி மாட்டினார். முடுக்கிய போல்ட்டுகளை மறுபடி முடுக்கினார். வீட்டு வாசலில் எல்லாம் சரியாக இருந்தது. வாசல் எங்கே, அந்தச் சரிவு எங்கே.

திங்கட்கிழமை திரும்பும்போது, சரிவின் உச்சியில் வண்டியை நிறுத்தினார். "எல்லாரும் இறங்கி நடந்து வாங்க."

"மருந்துப் பெட்டியத் தூக்கிக்கிட்டு நான் நடக்கணுமா? என்ன அண்ணே, வயசாயிடுச்சா?" என்றார் நர்ஸம்மா.

"போன வாரம் கியர் நழுவிடுச்சும்மா. நானே பிரிச்சு மாட்டியிருக்கேன். சரியா மாட்டினேனான்னு எனக்குத் தெரியாது."

நர்ஸம்மாதான் முதலில் இறங்கினார்.

நிதானம் தனியாக வண்டியை இறக்கினார். பாதிச் சரிவில், போன வாரம் கழன்ற அதே இடத்தில், பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். லீவரைத் தொடவில்லை. அது நடுங்கியது. எஞ்சின் முனகியது. அந்த முனகல் எப்போது நிற்குமோ என்று காதைத் தீட்டிக்கொண்டே இருந்தார். கீழே வரும்வரை அது நிற்கவில்லை.

கால் மணி நேரம் கழித்து எல்லாரும் நடந்து வந்து சேர்ந்தார்கள். நர்ஸம்மா முன்கதவைத் திறந்தார். "பிடிச்சுதா?"

"பிடிச்சுது."

"அப்போ நாளைக்கு வண்டியிலயே இறங்கலாம்ல?"

அவர் லீவரை ஒரு முறை அசைத்துப் பார்த்தார்.

"நாளைக்கும் நடந்துடுங்களேன்" என்றார்.