போட்டோவில் சிரித்த அத்தா

பினாங்கில் என் சாப்பாட்டுக் கடையில் பதினெட்டுப் பேர் வேலை பார்த்தார்கள். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்ட இந்த அல்லாபிச்சை போட்ட சத்தத்துக்கு அத்தனை பேரும் ஓடி வந்தார்கள். 1966இல் இரண்டு மாத லீவில் காரைக்குடிக்கு வந்தபோது என் மகள் லத்தீபா மட்டும் சத்தம் கேட்டு எதிர்ப்பக்கம் ஓடினாள்.

அவள் மேல் குற்றமில்லை. அவள் வயிற்றில் இருந்தபோது கப்பல் ஏறியவன் நான். அத்தாவை மறந்துவிடக் கூடாதென்று, சுவரில் தொங்கிய என் போட்டோவுக்குத் தினமும் சலாம் சொல்லப் பழக்கியிருந்தாள் என் பெண்டாட்டி ஆபிதா. போட்டோ அத்தா கோட்டுப் போட்டு ஆறு வருஷமாகச் சிரித்துக்கொண்டே இருந்தார். வந்தவனோ கைலியைக் கட்டிக்கொண்டு, கறியில் உப்பில்லை என்று கத்துகிறான்.

அந்தக் கோட்டைத் தேடி மாட்டிக்கொண்டு போய் நின்றேன்.

"அம்மா, இவரு அத்தா கோட்டை எடுத்துப் போட்டுக்கிட்டாரு" என்றாள் லத்தீபா.

ஆபிதா சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பதினெட்டுப் பேரை மேய்ச்சீக, இந்த ஒண்ணை மேய்க்க முடியலையா?"

பொம்மை கொடுத்தேன். அதையும் போட்டோவிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவள் வாயால் ஒரு தடவை அத்தா என்று கேட்காமல் கப்பல் ஏறுவதில்லை என்று வைராக்கியமாக இருந்தேன்.

ஒருநாள் தெருவில் வீடு வீடாகக் காலரா ஊசி போட வந்தார்கள். லத்தீபா பீரோவுக்குப் பின்னால் ஒளிந்தாள். "என்ன பயம், வெளிய வா" என்று அதட்டினேன். அழுகை கூடியது.

"முதல்ல நீங்க கையைக் காட்டுங்க" என்றார் ஊசிக்காரர்.

புயலில் கப்பல் ஆடியபோதும் அசராதவன் நான். ஊசி மட்டும் எனக்கு ஆகாது. பீரோ பக்கத்திலேயே உட்கார்ந்து, "எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றேன்.

அழுகை நின்றது. பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை நீண்டது.

"கண்ணை மூடிக்கிட்டு என் கையைப் பிடிச்சுக்கங்க அத்தா."

கப்பல் டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பினாங்குக் கடையையும் கைமாற்றிவிட்டு, காரைக்குடியிலேயே கடை போட்டேன். எங்கள் தெருவில் அப்படித் திரும்பி வந்தவர்களில் நான்தான் முதல்.

பதினாலு வயதில் லத்தீபா கதவைச் சாத்திக்கொண்டு அழுவாள். நான் அதட்டவில்லை. வெளியே உட்கார்ந்து என் பயம் ஒன்றைச் சொல்வேன். கதவு திறக்கும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இல்லாத இந்த வித்தையை நான்தான் கண்டுபிடித்தேன் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன்.

"கண்டுபிடிச்சது நீகளா, நானா?" என்று உள்ளேயிருந்து கேட்பாள் லத்தீபா.