மாமன் மடி

என் மகனுக்கு முதல் மொட்டை போட்ட காலை, இப்போதும் பாதித் தூக்கத்தில் பார்த்ததுபோலத்தான் எனக்கு இருக்கிறது.

தாய்மாமன் மடியில் வைத்துத்தான் முடி இறக்க வேண்டும். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் கிடையாது. கும்மிடிப்பூண்டி கம்பெனியில் என்னோடு பேக்கிங்கில் வேலை செய்யும் இளைஞர் ஒருவரிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன்.

"நான் வந்து குந்திக்கிறேன், சிஸ்டர்" என்றார்.

ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவர், அன்று வெள்ளைச் சட்டையோடு திருவாலங்காட்டுக் கோயிலுக்கு வந்து நின்றார்.

"மாமன் யாருப்பா?" என்று கேட்டார் முடி இறக்குகிறவர்.

"நான்தான்" என்று சம்மணம் போட்டு உட்கார்ந்து கையை நீட்டினார்.

தலையில் தண்ணீர் பட்டதும் குழந்தை கத்துவான் என்று பயந்தோம். அவனோ கண் செருகித் தூங்கிப்போனான். கத்தி நகர நகர, ஈரச் சுருள்முடி அந்த வெள்ளைச் சட்டையில் ஓசையில்லாமல் விழுந்துகொண்டிருந்தது. சந்தனம் பூசியபோதும் அவன் விழிக்கவில்லை. பிறந்த அன்று நான் பார்த்த அதே முகம். வாங்கிக்கொள்ளக் குனிந்தேன்.

"எழுப்பாதக்கா, தூங்கினுகீறான்" என்றார் அவர், மெதுவாக.

அவர் என்னை அக்கா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். அவருக்குக் கால் மரத்திருக்கும், ஆனாலும் அசையவில்லை. என் கணவர் டீ வாங்கி வந்தார். நாங்கள் பிடிக்க நினைத்த ரயிலின் நேரம் கடந்துபோனது. யாருக்கும் அவசரமில்லை.

வெயில் எங்கள் பாதம் வரை வந்த பிறகே குழந்தை கண் திறந்தான். மேலே தெரிந்த முகத்தை வெகுநேரம் உற்றுப் பார்த்தான். பிறகு கையை நீட்டி, அவர் காதைப் பிடித்து இழுத்தான்.