குவைத்திலிருந்து வந்த பாட்டுக் கசட்

எனக்கு எழுபத்தொன்பது வயது. ஏழு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். என் பெயரைத் தவிர வேறெதுவும் எழுத வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். ஆனால் பாட்டைப் பற்றி என்னிடம் கேட்கலாம்.

மூத்த மகள் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனது எண்பதுகளின் தொடக்கத்தில். கடிதம் எழுதினால் நான் வாசிக்கமாட்டேன் என்று கசட்டில் பேசி அனுப்புவாள். ஒரு பக்கம் அவளுடைய பேச்சு, மறுபக்கம் அங்கே ரேடியோவிலிருந்து பதிந்த பாட்டு. முதல் தடவை அறபு கேட்டதும் குர்ஆன் ஓதல் என்று நினைத்து, முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டு அடக்கமாக இருந்தோம். மேளம் தொடங்கிய பிறகுதான் ஆளையாள் பார்த்தோம்.

கேட்கக் கேட்கப் பிடிபட்டது. நாங்கள் முன்பு கேட்ட இந்திப் பாட்டு நிற்காமல் ஓடும். அறபுப் பாட்டில் பாடுகிறவள் ஓரடியைத் திரும்பத் திரும்பப் பாடி நிறுத்துவாள். பிடில்கள் நெடுநேரம் வாசிக்கும். பிறகுதான் அவள் வருவாள். நாங்கள் தமிழில் கேட்ட மெட்டு ஒன்றும் அறபில் வந்தது.

“நம்மட பாட்டக் களவெடுத்துட்டாங்க மச்சி,” என்றாள் அடுத்த வீட்டிலிருக்கும் என் கணவரின் தங்கை.

“நாம எங்க எடுத்தமோ, ஆருக்குத் தெரியும்? பாட்டுக்கிட்டப் பாஸ்போட்டா கேக்குறாங்க?” என்றேன்.

பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் வரவில்லை. கடைசியில், குவைத்திலிருந்து லீவில் வந்த சாய்ந்தமருதுக்காரர் ஒருவர் ஒரு கசட் தந்தார். போட்டோம். இரண்டு பக்கமும் பாட்டுத்தான். மகளின் பேச்சே இல்லை.

“சந்தோசமா இரிக்காள், அதான் பாட்டு அனுப்பிருக்காள்,” என்று மச்சி ஒவ்வொரு பாட்டையும் கொஞ்சம் கேட்டுவிட்டு முன்னுக்கு ஓட்டினாள்.

எனக்கு அது சரியாகப் படவில்லை. என் மகள் வாய் மூடி இருக்கிறவள் அல்ல. அடுத்த நாள் ஒன்றையும் ஓட்டாமல் தனியாக இருந்து கேட்டேன். அந்த நீண்ட அறபுப் பாட்டு முன்பே வந்ததுதான். பிடில்கள் ஓய்ந்தன. பாடுகிறவள் வரவேண்டிய இடத்தில் என் மகள் வந்தாள்.

“உம்மா, நான்தான். வேற வீட்டுக்கு மாத்திட்டாங்க. இங்க மேடம் கசட்டப் போட்டுப் பாத்துத்தான் குடுக்க விடுவா. பாட்டெண்டா கொஞ்சம் கேட்டுட்டு நிப்பாட்டிருவா. வெளிய விடுறாங்க இல்ல. அடிக்கிறாங்க. என்னை ஊருக்குக் கூப்பிடுங்க உம்மா.”

உடனே பாட்டு திரும்பி வந்தது, பாதிச் சொல்லிலிருந்து.

கல்முனையில் அவளை அனுப்பிய ஏஜன்சிக்காரரிடம் கசட்டையும் அதைப் போடுகிற ரேடியோவையும் தூக்கிக்கொண்டு போனேன். பாட்டைக் கேட்டதும் அவர் சிரித்தார்.

“என்னகா உம்மா, பாட்டுக் கச்சேரியா? வேலை கிடக்கு,” என்று நிறுத்தக் கை நீட்டினார்.

நான் பட்டனைக் கையால் மூடிக்கொண்டேன். “இரிங்க தம்பி. பிடில் முடியட்டும்.”

அவள் பேசி முடித்தபோது அவருடைய சிரிப்பு போயிருந்தது. அங்கேயே குவைத்துக்கு போன் எடுத்தார். அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் அந்த ஏஜன்சிக் கந்தோர் வாசலில் போய் இருந்தேன். நோன்புக்கு முன் மகள் வந்து சேர்ந்தாள். எலும்பும் தோலுமாக வந்தாள், ஆனால் வந்தாள்.

பேத்தி, எழுதினது காணும், போதும். இப்ப ஒருக்கா வாசி, கேப்பம். விழுங்காம, மெதுவா வாசி.