தானாக வெளுத்த முகங்கள்

முகத்தைக் கொஞ்சம் வெளுப்பாக்கிக் கொடுங்கள் என்று கேட்காத குடும்பத்தை நான் அதிகம் பார்த்ததில்லை. கோலாலம்பூர் பக்கம் கிள்ளானில் ஒரு போட்டோ கடையில் பல வருஷமாக எனக்கு அதுதான் வேலை. இறந்தவர்களின் படத்தைச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கிக் கொடுப்பேன். தனியாக எடுத்த நல்ல படம் பாதிப் பேருக்கு இருக்காது. யாருடைய கல்யாணத்திலோ கூட்டத்தோடு நின்றது, தைப்பூசத்தன்று பத்துமலை வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எடுத்தது என்று எதையாவது கொண்டுவருவார்கள். பக்கத்தில் நிற்பவரின் தோளை வெட்டிவிட்டு, பின்னால் நீலம் போட்டு, பறக்கிற முடியைப் படிய வைத்துக் கொடுப்பேன்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். கடையைக் கூட்டிப் பெருக்க வந்த இடத்தில், கம்ப்யூட்டர் வேலையைப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டேன். இங்கிலீஷை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன், அர்த்தம் பாதி தெரியாது. ஆனால் எந்தப் பட்டன் எங்கே இருக்கிறது என்று தெரியும். ஸ்கிரீனில் தெரிகிற நிறமும் காகிதத்தில் விழுகிற நிறமும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதும் தெரியும். கம்ப்யூட்டருக்குள் வெளிச்சத்தையும் நிறத்தையும் கூட்டிக் குறைக்க ஓர் இடம் உண்டு. ஒரே முகத்தைத் திரும்பத் திரும்ப அச்சடித்து, ஸ்கிரீன் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, நாலு நாள் உட்கார்ந்து அதைச் சரிசெய்து வைத்திருந்தேன். அதற்குப் பிறகு அதை யாரையும் தொட விட்டதில்லை.

சில வருஷத்துக்கு முன் என் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். நன்றாகவே தெரிந்தது. இரண்டு மாதம் கழித்து ஒருநாள் காலை, கம்ப்யூட்டர் திறக்க வெகுநேரம் எடுத்தது. வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க, அணைக்காதே என்று எழுதி, கீழே நம்பர் ஏறியது. ஒருவழியாகத் திறந்தபோது எல்லாம் மங்கலாக இருந்தது, பீளை கட்டிய கண்ணால் பார்ப்பதுபோல. கண்ணாடியைத் துடைத்தேன். முகம் கழுவிவிட்டு வந்தேன். ஆப்பரேஷன் செய்த கண்ணையும் செய்யாத கண்ணையும் மாறிமாறி மூடிப் பார்த்தேன். கண்தான் போய்விட்டது என்று நினைத்தேன். முதலாளியிடம் சொல்ல வாய் வரவில்லை. எனக்கு எப்போதும் அப்படித்தான்.

அன்றைக்குச் செய்ய வேண்டியிருந்தது பக்கத்து ஊர் மேருவிலிருந்து வந்த ஒரு பெண்ணின் அம்மா படம். அந்தப் பெண் தொழிற்சாலை யூனிபாரத்தோடு வந்து படத்தைக் கொடுத்தபோது, “ஆன்டி, வெளுப்பாக்க வேணாம். எங்கம்மா கருப்புதான். அப்படியே இருக்கட்டும்” என்று சொல்லிவிட்டுப் போயிருந்தாள். அப்படிக் கேட்டவர்கள் குறைவு என்பதால் எனக்கு மறக்கவில்லை. அப்படியே வைக்கத்தான் பார்த்தேன். ஸ்கிரீனில் அந்த அம்மாவின் கண்ணும் மூக்கும் இருட்டில் கிடந்தன. முகம் தெரியட்டும் என்று வெளிச்சத்தைக் கூட்டினேன். இன்னும் கொஞ்சம் கூட்டினேன். அச்சில் எடுத்தபோது வெளுத்துப்போனதாகத் தெரிந்தது. அப்போதும் என் கண்ணைத்தான் சந்தேகப்பட்டேன். பிரேம் போட அனுப்பிவிட்டேன்.

கருமாதிக்கு முதல்நாள் அவள் எடுத்துப்போக வந்தாள். காகிதத்தைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சத்தம் போடவில்லை.

“இது யாரு ஆன்டி?” என்றாள்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

“உயிரோட இருந்தப்ப சொந்தக்காரங்க எல்லாம் கருப்பி கருப்பின்னு கூப்பிட்டாங்க. செத்தப்புறமாவது அவங்க கலர்ல விட்டிருக்கலாம்ல.”

முதலாளி கவுண்டரிலிருந்து எழுந்து வந்தார். என்னைவிட இருபத்தைந்து வயது சின்னவர், அவருடைய அப்பா காலத்திலிருந்து நான் அங்கே இருக்கிறேன். “மன்னிச்சிக்கம்மா. ஆன்டிக்கு இப்பதான் கண்ணு ஆப்பரேஷன் ஆச்சி. வயசாயிடுச்சி லா, கலர் சரியா தெரிய மாட்டேங்குது” என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். முகத்தில் இருந்த கோபம் போய் இரக்கம் வந்துவிட்டது. அவள் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. காரியம் முடிந்த பிறகு வந்து மாற்றிக்கொள்ளுங்கள் என்றார் முதலாளி. நாளைக்கு வைக்க வேறு படம் இல்லாததால் அவள் அதையே எடுத்துக்கொண்டு போனாள். மாற்ற வரவே இல்லை.

இரண்டு நாளில் ஸ்கிரீன் விட்டு விட்டு மினுங்க ஆரம்பித்தது. முதலாளி கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்கிறவரைக் கூப்பிட்டார். அவர் உட்கார்ந்த கொஞ்ச நேரத்திலேயே கண்டுபிடித்துவிட்டார். ஸ்கிரீனில் படம் காட்டுகிற வேலையைக் கவனிப்பதற்கென்று உள்ளே ஒரு புரோகிராம் இருக்கிறதாம், அதற்கு கிராபிக்ஸ் டிரைவர் என்று பெயராம். அது யாரையும் கேட்காமல் இண்டர்நெட்டிலிருந்து புதுசை இறக்கிப் போட்டுக்கொண்டதில், நான் வைத்திருந்த நிறமெல்லாம் அழிந்துவிட்டதாம்.

“ஆன்டி ஏதோ அமுக்கிட்டாங்களா?” என்று கேட்டார் முதலாளி.

“யாரும் ஒண்ணும் அமுக்கல பாஸ். அதுவா அப்டேட் ஆயிருக்கு. இந்த ஸ்கிரீன்ல பாத்தா என் கண்ணுக்கும் அப்படித்தான் தெரியும்.”

முதலாளி “ஓ” என்றார். பிறகு போனில் எதையோ பார்க்க ஆரம்பித்தார். அந்த மேரு பெண்ணின் நம்பர் ரசீதுப் புத்தகத்தில் இருந்தது. கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லுவார் என்று அன்று முழுவதும் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிடவில்லை. நானாகக் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ரிப்பேர் செய்தவர் பழைய டிரைவரைத் திரும்பக் கொண்டுவந்த விதத்தை அவருக்குப் பின்னால் நின்று பார்த்தேன். இது மறுபடியும் வரும், நிறுத்தி வைக்கட்டுமா என்று அவர் கேட்டதற்கு, அப்டேட் வந்தால் நல்லதுதானே என்று முதலாளி வேண்டாமென்றுவிட்டார். அது மூன்று தடவை வந்தது. மூன்று தடவையும் கடை திறந்ததும் நானே பழைய டிரைவருக்குத் திருப்பி, நிறத்துக்கு நான் குறித்து வைத்திருந்த நம்பர்களைப் போட்டு, ஓர் அச்சு எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வேலையைத் தொட்டேன். ஒரு முகமும் கெடவில்லை. ஆனாலும் யாராவது நிறத்தைப் பற்றி வாயைத் திறந்தால் போதும், முதலாளி என் கண் ஆப்பரேஷன் கதையை ஆரம்பித்துவிடுவார். வருகிறவர்கள் எல்லாம் என் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, “பரவால்ல ஆன்டி” என்பார்கள்.

போன வருஷம் ஒருநாள் முதலாளி, “ஆன்டி, கண்ணுக்கு ரெஸ்ட் குடுங்க. இனிமே பிரேம் பக்கம் பாத்துக்குங்க” என்றார். என் நாற்காலியில் அவர் மச்சான் வந்து உட்கார்ந்தார். நாற்பது வயது இருக்கும், டிப்ளோமா படித்தவர். கெட்ட மனுஷன் இல்லை. நான் பின்மேசையில் ஆணி அடித்துக்கொண்டும் கண்ணாடி துடைத்துக்கொண்டும் இருந்தேன்.

அப்டேட் மறுபடியும் வந்தது. அவருக்குத் தெரியவில்லை. கடலோரம் காப்பாரில் மீன் பிடித்துப் பிழைத்த ஒரு பெரியவரின் படத்தைச் செய்தார். எடுத்துப்போக மூன்று மகன்கள் காரில் வந்திருந்தார்கள், சாயங்காலம் பூசை. மூத்தவர் படத்தைத் தூக்கிப் பிடித்து, “அப்பாவுக்குப் பவுடர் அடிச்ச மாதிரி இருக்கே பாஸ்” என்றார்.

முதலாளி சிரித்துக்கொண்டே, “கம்ப்யூட்டர் தானா அப்டேட் ஆயிடுச்சி லா. மெஷின் செய்யற வேலைக்கு நம்ம என்ன செய்ய முடியும்?” என்றார். அவர்களும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். யாரும் மச்சானின் கண்ணைப் பார்க்கவில்லை.

படம் பிரேம் போட என் மேசைக்கு வந்தது. கூடவே முதலாளியும் வந்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக நானாக வாயைத் திறந்தேன்.

“எனக்கு மட்டும் கண்ணுன்னு சொன்னீங்களே தம்பி.”

அவருக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும், “அது எப்பவோ நடந்தது ஆன்டி. இன்னுமா மனசுல வெச்சிருக்கீங்க?” என்று சொல்லிவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

கொஞ்ச நேரத்தில் மச்சான் வந்தார். குரலைத் தாழ்த்தி, “ஆன்டி, முன்னாடி இப்படி ஆனா நீங்க எப்படி சரி பண்ணுவீங்க?” என்று கேட்டார்.

“எனக்கு என்ன தம்பி தெரியும்? கண்ணு தெரியாதவகிட்ட போய்க் கேக்கறீங்க.”

அவர் முகம் சுருங்கித் திரும்பிப் போனார். அவர்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை, இருந்தும் சொன்னேன். பெரியவரின் படத்தைப் பிரேமில் வைத்தேன். காலமெல்லாம் கடல் வெயிலில் காய்ந்த முகம் சுண்ணாம்பு பூசியதுபோல் கிடந்தது. பூசைக்கு இன்னும் நேரம் இருந்தது. டிரைவரைத் திருப்பி வேறு அச்சு எடுக்க அரைமணி நேரம் போதும், மகன்கள் காத்திருப்பார்கள். நான் நாலு மூலையிலும் ஆணியை அடித்து, மேலே கண்ணாடியைத் துடைத்து, மூத்த மகனின் கையில் கொடுத்தேன்.